பெட்டிக்கு வைத்த பொட்டு

மகனே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்கு ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. இருந்தாலும் உன்னிடம் கேட்கப் போவதில்லை. அடித்தவனுக்கு என்ன நோவு, நன்றாகத்தான் இருப்பாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பாவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு கீழப்பழுவூருக்கு வரப்போகிறாய், பேசி முடித்து, இங்கே என்னோடு இருக்கிற ரேவதியையும் பாப்பாவையும் அரியலூர் வீட்டுக்கு அழைத்துப் போகப்போகிறாய் என்று சேதி வந்திருக்கிறது. வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய், நான் கத்துவேன், டவர் கிடைக்கவில்லை என்று நீ வைத்துவிடுவாய். எழுதினால் குறுக்கே பேச முடியாது. நாலு பேரோடு வருகிறவனுக்கு எழுதுவதால் அந்த நாலு பேரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். பெரம்பலூரில் இருக்கிற சம்பந்தியம்மாவுக்கும் இதை அப்படியே இன்னொரு தாளில் எழுதி அனுப்புவேன். ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நீ ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாய். உன் ஒர்க்‌ஷாப்பில் கேட்டவர்களிடம், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றாயாம். சித்தப்பாவிடம், ஆத்திரத்தில் லேசாகத் தள்ளினேன், கை எங்கேயோ இடித்துக்கொண்டது என்றாயாம். நான் அங்கேதான் இருந்தேன். என் கண் இன்னும் கெடவில்லை.

அன்றைக்கு ஆயுத பூஜை. பூஜைக்காகத்தான் காலையில் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ சிமெண்ட் பாக்டரி ஒர்க்ஷாப்பில் பூஜை என்று போய்விட்டாய். ரேவதி வீடு முழுக்கக் கழுவிவிட்டு, ஒரு கிண்ணத்தில் சந்தனம், ஒரு கிண்ணத்தில் குங்குமம் குழைத்து வைத்துக்கொண்டு, உன் பைக்கில் தொடங்கி கிரைண்டர், மிக்ஸி, தையல் மிஷின், அரிவாள்மணை, பாப்பாவின் ஸ்கூல் பை வரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். உன் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். அதில்தான் நீ அந்தப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தாய். லாரி, பஸ், டேங்கர் என்று படம் போட்ட பெட்டிகள். உள்ளே வண்டியின் பாகமெல்லாம் துண்டு துண்டாக, கொடியில் காய் காய்த்த மாதிரி பிளாஸ்டிக்கில் தொங்கும். எடுத்து ஒட்டினால் குட்டி வண்டியாகும். "இதுக்கு வைக்கணுமா அத்தை? அவங்களுக்கு இதைத் தொட்டாலே புடிக்காது" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன், "அதுவும் வண்டிதானே, வூட்ல இருக்கிற வண்டியை எல்லாம் வச்சுட்டு அதை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும், வை" என்று. மேலே சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதத்தில் சந்தனம் ஒட்டாமல் வழிந்தது. அதனால் அதை உரித்துவிட்டு அட்டையிலேயே வைத்தாள். ஒவ்வொரு லாரிக்கும் நெற்றி எது என்று படத்தைப் பார்த்துப் பார்த்து, சாமிக்கு வைக்கிற மாதிரி வைத்தாள். நான் சொல்லித்தான் வைத்தாள் என்று இப்போதும் சொல்கிறேன். வைத்ததில் தப்பில்லை என்றும் சொல்கிறேன். நம் ஊரில் வண்டி வைத்திருக்கிறவன் எவனும் அன்றைக்குப் பொட்டு வைக்காமல் இருக்கமாட்டான்.

நீ சாயங்காலம் வந்தாய். பொரியும் கடலையும் தட்டில் இருந்தது. பாப்பா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நின்றாள். நீ அலமாரியைப் பார்த்தாய். பீரோவிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்தாய். பெட்டிகளை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தூக்கிப்போய் அந்தத் துண்டின் மேல் வைத்தாய், பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கிற மாதிரி. எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பி வந்தாய். வந்து கேட்டாய், "எந்தக் கையால வச்ச?" அவளுக்கு என்ன தெரியும்? சுத்தமான கையா என்று கேட்கிறாய் என நினைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். அதைப் பிடித்து அலமாரிச் சட்டத்தில் வைத்து, கதவை இழுத்து அறைந்தாய். ஒரு தடவை இல்லை. எலும்பு உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டாம். கண்ணாடி உடைந்து அவள் முழங்கை வரைக்கும் கிழித்தது. அவள் கீழே சரிந்த பிறகு காலால் உதைத்தாய், விலாவில். பாப்பா வாயிலிருந்த பொரியைத் துப்பவும் தெரியாமல் விழுங்கவும் தெரியாமல் நின்றது.

"நான்தான்டா வைக்கச் சொன்னேன், என்னை அடிடா" என்று நடுவில் விழுந்தேன். அப்போது நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "நீ படிக்காதவ, உனக்கு ஒண்ணும் தெரியாது. டிகிரி படிச்ச இவளுக்குத் தெரிய வேணாம்?" என்றாய். அடுத்த உதைக்குக் காலைத் தூக்கினாய். உன் கையைப் பிடித்து, மிச்சமிருக்கிற பல்லையெல்லாம் வைத்துக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நான் பால் கொடுத்து வளர்த்த உடம்பு என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை, விட்டால் அவளைக் கொன்றுவிடுவாய் என்றுதான் தோன்றியது. நீ உதறியதில் சுவரில் போய் மோதினேன். என் இடுப்பு இன்னும் நேராகவில்லை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, விடு.

கோபம் கண்ணை மறைத்துவிட்டது என்று சித்தப்பாவிடம் சொன்னாயாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எதை மறைத்தது? பெட்டிக்கு அடிபடக்கூடாது என்று தனியாக எடுத்து வைக்கிற அளவுக்குக் கண் தெரிந்தது. புதுத் துண்டா பழைய துண்டா என்று தெரிந்தது. சொன்னவள் நான், வைத்தவள் அவள் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. என்னை அடித்தால் ஊர் காறித் துப்பும், பெண்டாட்டியை அடித்தால் வீட்டு விஷயம் என்று ஒதுங்கிப்போகும் என்பதுகூட உனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவ்வளவு பார்த்த கண்ணை எந்தக் கோபம் மறைத்தது என்று நாலு பேருக்கு முன்னால் நீ எனக்கு விளக்கமாகச் சொல்.

இன்னொன்றும் எழுத வேண்டும். உன் வலி எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அந்த அலமாரியில் நடுத்தட்டில் தனியாக வைத்திருந்தாயே ஒரு பெட்டி, நீள மூக்கு லாரி, தலை நிறைய விளக்கு, உடம்பெல்லாம் அலையும் மீனும் வரைந்தது, அது எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு உன்னோடு ஐ.டி.ஐ. படித்த செந்துறைப் பையன் ஜப்பானிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். நீ அதை என் மடியில் வைத்துக் காட்டினாய். "இது அந்த ஊர் கடையில மட்டும்தான்மா விப்பாங்க. வெளிநாட்டுக்குன்னா வேற பெட்டி போட்டு இங்கிலீஷ்ல எழுதி, படத்தையும் மாத்திடுவான். அது வேற, இது வேற" என்றாய். "நம்ம ரோட்டுல நின்னா நாள் முழுக்க சுண்ணாம்புக்கல் லாரி போகுது, ஓசியிலேயே பாக்கலாமே, இதுக்கு ஜப்பான் வரைக்கும் ஆள் அனுப்பணுமா?" என்று நான் கேட்டதற்கு நீ சிரித்தாய். "எப்படா இதை ஒட்டப்போற?" என்றேன். "ஒட்ட மாட்டேன்மா. பிரிச்சா போச்சு. பிரிக்காத வரைக்கும்தான் இது இது" என்றாய். செய்யவே போவதில்லை என்றால் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய பெட்டி நினைவு வந்தது. உனக்கும் அதற்காகத்தான் வேண்டியிருந்தது என்று புரிந்தது. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நீ ஏழாவது படித்தாய். உன் அப்பா கல் குவாரியிலிருந்து பாக்டரிக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தார். லாரி ஓனரின் மருமகன் ஜப்பானிலிருந்து வந்திருந்தவர், "உன் பையனுக்குக் குடுப்பா" என்று இதே பெட்டியை, இதே மீன் படம் போட்டதை, உன் அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். கீழப்பழுவூரிலேயே அப்படி ஒரு பொருள் யாரிடமும் இல்லை. அதில் எழுதியிருந்தது ஒன்றும் உனக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தே ஒட்டினாய். பசை வாடை வீடு பூராவும். தின்னக் கூப்பிட்டாலும் வரமாட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வண்டியைக் கழுவ வாளி கொண்டுவரச் சொன்னார். "இதோப்பா, ஒரு சக்கரம்தான்" என்றாய். மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதையே சொன்னாய். அவர் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. எல்லாரும் குடிதான் காரணம் என்பார்கள், அதனால் எழுதுகிறேன், சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. உள்ளே வந்து, பாதி ஒட்டிய லாரியை உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், தன் லாரியின் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். உன்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, "பாரு, நல்லா பாரு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தார். முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நீ அழவில்லை. மூத்திரம் போய்விட்டாய்.

நான் போய்த் துண்டுகளைப் பொறுக்கினேன். அதற்குத்தான் எனக்கு விழுந்தது. முடியைப் பிடித்து லாரி பம்பரில் முகத்தை மோதினார். உதடு கிழிந்து, முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தது. எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன், எது எந்தக் கிழமை என்றுகூடச் சொல்வேன், ஆனால் அன்றைக்கு மட்டும்தான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அப்போது நீ ஜாக்கி லீவரை எடுத்துக்கொண்டு வந்தாய். உன் உயரத்துக்கு அது பாதி இருக்கும். அவர் தோள்பட்டையில் இறக்கினாய். அவர் விழுந்தார். மறுபடி ஓங்கிக்கொண்டு, "எங்கம்மாவைத் தொட்டா கொன்னுடுவேன்" என்று சொன்னாய். குரல்கூட உடைந்திருக்கவில்லை உனக்கு. எலும்பு முறிந்து அவர் வெகு நாள் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் என்னைத் தொடவில்லை. சுண்ணாம்புத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போய் இருமி இருமிச் செத்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தேன், பீ மூத்திரம் அள்ளினேன், மன்னிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போகும்போது என் கண்ணில் தண்ணீர் வரவில்லை என்று உன் அத்தைமார்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். வராததை நான் எங்கே போய்க் கடன் வாங்குவது?

அந்த ஏழாவது படிக்கிற பையனை நம்பித்தான் நான் பெரம்பலூருக்குப் பெண் கேட்கப் போனேன். ரேவதிக்கு அப்பா இல்லை. அம்மா தனியாளாகச் சோளமும் சின்ன வெங்காயமும் போட்டு இந்தப் பெண்ணைக் காலேஜ் வரைக்கும் படிக்கவைத்தவள். மாப்பிள்ளை என்ன வேலை, என்ன வருமானம் என்றெல்லாம் மற்றவர்கள் கேட்டார்கள். சம்பந்தியம்மா மட்டும் என்னைத் தனியாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய், "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. பையன் கை நீட்டுவாரா?" என்று கேட்டாள். நான் என் உதட்டைக் காட்டினேன். தையல் போட்ட தழும்பு தெரியும். "இதைப் பாத்து வளந்தவன். இதுக்காக அப்பனையே அடிச்சவன். அவன் கை நீட்ட மாட்டான், நான் பொறுப்பு" என்றேன். அந்த அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. என் வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு பெண்ணைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் ரேவதியின் கையைப் பார்த்துவிட்டு அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். உன் அப்பா அடித்ததில் எதுவும் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனில் உன் மேல் போட்ட கேஸுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். "யோசிச்சுக்குங்க பாட்டி, பெத்த மகன்" என்றார்கள். யோசித்துத்தான் வந்திருக்கிறேன் என்றேன். பெற்ற தாயே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நீ சொல்கிறாயாம். ஆமாம், கொடுத்தேன். கோர்ட்டில் கேட்டாலும் இங்கே எழுதியதைத்தான் சொல்வேன், துண்டு விரித்தது உட்பட.

முந்தாநாள் உன் சித்தப்பா வந்தார். வந்ததும் வராததுமாக, "என்ன அண்ணி, பெத்த புள்ளை மேலயே கேஸ் குடுத்துட்டீங்களாமே. ஊரே சிரிக்குது" என்றார்.

"உங்களுக்கும் சிரிப்பு வந்துச்சா?" என்றேன்.

"எனக்கு அழுகைதான் வருது. ஒரு அட்டைப் பொட்டிக்காக ஒரு குடும்பம் பிரியறதா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். அட்டைப் பொட்டிக்காக ஒரு பொண்ணு கையை உடைக்கிறதா?"

"அவனுக்கு அது உசுரு அண்ணி. நம்ம நாட்டுலயே கிடைக்காத சாமானாம். ஆம்பளைன்னா முன்னபின்ன இருக்கத்தான் செய்வான். எங்க அண்ணன் அடிக்காத அடியா? நீங்க இருந்து வாழலையா?"

"நான் வாழ்ந்ததை நீங்க எங்க பாத்தீங்க? என் உதடு கிழிஞ்சு தொங்குனப்ப, அதோட நின்னு நான் வச்ச கோழிக் கொழம்பைத் தின்னுட்டு, உப்பு கம்மியா இருக்கு அண்ணின்னு சொன்னவருதானே நீங்க."

"அடேயப்பா, அது எந்தக் காலத்துக் கதை! இன்னுமா அதை வச்சிருக்கீங்க?"

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

ரேவதி இடது கையால் டீ கொண்டுவந்து வைத்தாள். வலது கையில் மாவுக்கட்டு. அவர் அவளிடம் திரும்பி, "ஏம்மா, நீ சொல்லு. உன் புருஷன் அந்தப் பொட்டி எல்லாத்தையும் வித்துடறேன்னு சொல்லிட்டான். இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றார். அவள், "டீ ஆறிடும் மாமா" என்றாள். அவர் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். போகும்போது, "ஞாயித்துக்கிழமை வரோம். அன்னிக்கு இந்த மாதிரி எடக்குப் பேசாதீங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டிகளை விற்காதே. அவை உன்னை என்ன செய்தன? நீ எதை விற்றாலும் எதைக் கொளுத்தினாலும் கை அங்கேயேதான் இருக்கும். நாளைக்குப் பெட்டி இல்லாத வீட்டில் சோறு குழைந்திருக்கும், பாப்பா ரிமோட்டைத் தொலைத்திருக்கும், அப்போது எதை விற்பாய்? ஒரு பொருளை ஒருத்தன் உயிராக வைத்திருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. உன் கையிலிருந்து பிடுங்கி நொறுக்கியதை நீ இத்தனை வருஷம் தேடிக் கண்டுபிடித்து வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உன்னிடமிருந்து பிடுங்கியவன் யார்? அவனுக்குச் சேர வேண்டியதை நீ பன்னிரண்டு வயசிலேயே அவன் தோளில் இறக்கிவிட்டாய். மறுபடியும் அதை எடுத்து, உன் வீட்டு வண்டிகள் நன்றாக ஓட வேண்டும் என்று பொட்டு வைத்தவள் மேல் இறக்கினால் நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? அன்றைக்கு நீ எனக்காக ஓங்கினாய். இந்த வீட்டில் அவளுக்காக ஓங்க ஆள் வேண்டாமா? எனக்கு லீவரைத் தூக்கத் தெம்பில்லை, அதனால் கையெழுத்துப் போட்டேன்.

பாப்பா என்ன விளையாடுகிறது என்று உனக்குச் சொல்கிறேன். பொம்மையை உட்காரவைத்து, "எந்தக் கை? எந்தக் கை?" என்று கேட்கிறது. பொம்மை எங்கே பதில் சொல்லும், இதுவே ஒரு கையைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு மேல் நான் எழுதமாட்டேன். நீ ஏழாவதில் ஈரக் கால்சட்டையோடு நின்றாயே, அந்த இடத்தில் இப்போது அது நிற்கிறது. அதற்கு வயது உனக்கு இருந்ததில் பாதிகூட ஆகவில்லை.

தனியாக இருக்கிறாய், ஓட்டலில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. சோறு வடிக்கத் தெரியும் உனக்கு, ரசம் வைக்கக் கற்றுக்கொள். யாராவது கேட்டால் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லாதே, நான்தான் உடைத்தேன் என்று சொல். முதல் தடவை சொல்லும்போது நாக்கு எழாது. சொல்லச் சொல்ல எழும். பெரம்பலூர் போய், சம்பந்தியம்மா வீட்டு வாசலில், நிச்சயதார்த்தத்தில் சாப்பிட்ட அந்த ஜனங்களுக்கு முன்னால் அதையே சொல். கேஸ் நடக்கட்டும், ஓடி ஒளியாதே, ஆள் பிடிக்காதே. டாக்டர் யாரிடமாவது போ, கோபத்துக்கும் டாக்டர் இருக்கிறார்களாம், திருச்சியில் இருக்கிறார்களாம், ரேவதிதான் சொன்னாள். இதையெல்லாம் ஒரு வருஷம் செய்.

இந்த இடத்தில் மை தடித்து ஒரு வரி அடிபட்டிருப்பதைப் பார்ப்பாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கஷ்டப்படாதே, அடியில் என்ன இருந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் செய்தால் அவள் வருவாள் என்று எழுதியிருந்தேன். கடிதத்தை அந்த வரியோடு முடித்துவிட்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ரேவதியிடம் படித்துக் காட்டினேன். இடது கையால் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டாள். சித்தப்பா பேச்சு வந்தபோது சிரித்தாள், விலா வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வரிக்கு வந்ததும் தவிட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"வருவான்னு எழுதியிருக்கீங்களே அத்தை. யாரைக் கேட்டு எழுதுனீங்க?"

"நாளைக்கே இல்லடி. ஒரு வருஷம் கழிச்சுன்னுதானே போட்டிருக்கேன். அவன் திருந்திட்டா?"

"திருந்தட்டும். அவங்களுக்கு நல்லது, பாப்பாவுக்கும் நல்லது. நான் வரேன்னு சொல்லவே இல்லையே."

"அப்ப அவன் எதுக்குடி இதெல்லாம் செய்வான்?"

"அதையும் அவங்களையே கேளுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்காகப் பெத்தவனையே விட்டுக்குடுத்துட்டு உக்காந்திருக்கேன், எங்கிட்டயே வாய் பேசுறியா?" என்றேன். அவள் பயப்படவில்லை. "உங்களை இன்னிக்கு வரைக்கும் எதுத்து ஒரு வார்த்தை பேசியிருக்கேனா? இதுக்கு மட்டும் பேசுவேன் அத்தை. நீங்க உங்க புள்ளை மேல இருக்கிற ஆசையில எழுதிட்டீங்க. என்னை வச்சு அவங்களுக்கு ஆசை காட்டாதீங்க. அடிச்சிடுங்க" என்று சொல்லி, தவிட்டுக் கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தேன். கடிதம் முழுக்க நான் உண்மையைத்தான் எழுதினேன். அந்த ஒரு வரியைத்தான் எனக்காக எழுதியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. அடித்துவிட்டேன்.

ஆகவே உன்னிடம் கொடுக்க என்னிடம் வாக்கு எதுவும் இல்லை மகனே. மேலே சொன்னதைச் செய்தால் செய், அவள் வருவாள் என்று செய்யாதே. பாப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ரேவதிக்குச் சொல்லி அனுப்பி, அவள் சரி என்ற நாளில் தனியாக வா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் பாய் விரிக்கமாட்டேன், நாலு பேருக்கு டீ போடமாட்டேன். கதவு சாத்தியிருக்கும். நாங்கள் மூன்று பேரும் உள்ளேதான் இருப்போம்.

உன்னைப் பெற்றவள்